நஜ்முன்னிஸா ரீச்சரும் கொல்கிஸ் நாட்டு நஞ்சும்

நஜ்முன்னிஸா ரீச்சரைப் போல ஒரு பயங்காளியை நான் கண்டதில்லை. நானும் பெரிய தைரியசாலி இல்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்றால் நான் சண்டியர். யாழ்ப்பாண நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் பதின்மூன்று வருடங்கள் அடுத்தடுத்த ஆய்வுகூடங்களில் படிப்பித்தோம். உயர்தர வகுப்புக்கு அவர் தாவரவியல், நான் இரசாயனவியல். நடுவில் ஒரு கதவு. காற்றுக்கு அந்தக் கதவு அடித்துச் சாத்தினால் அந்தப் பக்கத்தில் "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதிபர் கூப்பிடுகிறார் என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். தெருவால் யாராவது ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனால், அது லொத்தர்ச் சீட்டு விற்கிற வானாக இருந்தாலும், கோயில் திருவிழா அறிவித்தலாக இருந்தாலும், கையிலிருக்கிற வெண்கட்டியை வைத்துவிட்டு முழுவதையும் நின்று கேட்பார். வான் தூரப் போன பிறகுதான் பாடம் தொடரும்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், அவருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த சோனகதெருவில் இப்படித்தான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும். உம்மா, வாப்பா, ஆறு வயதுத் தம்பி தாஹிர், இவர் என்று நாலு பேரும் போய்ச் சேர்ந்தது புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டில். போகச் சொன்னவர்கள் ஆயுதம் ஏந்திய இயக்கத்துப் பெடியள், என் இனத்து ஆட்கள், என் வயதுக்காரர். செய்தி என் ஊர் உடுப்பிட்டிக்கு வந்தபோது நான் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப்போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் தாவரவியலுக்குப் போனதே ஒரு பெயரால்தான். முகாம் பள்ளிக்கூடத்துக்கு யாரோ தந்த பழைய புத்தகத்தில் கொடிவேலியின் படத்துக்குக் கீழே 'பிளம்பாகோ செய்லானிக்கா' என்று இருந்ததாம். செய்லானிக்கா என்றால் என்ன என்று கேட்டதற்கு, அது லத்தீன், செய்லான் என்பது எங்கள் தீவுக்குக் கப்பல்காரர் வைத்த பெயர், அந்தத் தீவைச் சேர்ந்தது என்று அர்த்தம் என ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

"ஒரு செடிக்கே பெயருக்குள்ளை ஊர் எழுதிக் கிடக்குது, ரீச்சர்," என்று ஒருநாள் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார். "கப்பலிலை ஏத்திக்கொண்டு போய்க் காயவைச்சுத் தாளிலை ஒட்டினாலும் அது செய்லானிக்காதான். ஆரும் மாத்தேலாது. எனக்கு அதிலை ஒரு பொறாமை."

பொறாமைக்குக் காரணம் இருந்தது. புத்தளத்தில் இவர்களை யாழ்ப்பாணத்து அகதி என்பார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு இங்கே திரும்பி வந்தால், ஒரு அலுவலகத்தில் "புத்தளத்து ஆக்கள் அங்காலை நில்லுங்கோ" என்றார்களாம். இவரும் பேசாமல் அங்காலே போய் நின்றிருக்கிறார். நானாக இருந்தால் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன், அல்லது கவிழ்த்ததாக வீட்டில் வந்து சொல்லியிருப்பேன்.

ஆனால் வகுப்பில் லத்தீன் பெயர்களை உடைத்துக் காட்டத் தொடங்கினால் அந்தப் பயங்காளியைக் காணக் கிடைக்காது. செவ்வரத்தையின் பெயரில் சீனா இருக்கிறது, இலந்தையின் பெயரில் மொரீசியஸ் தீவு இருக்கிறது என்று தேசம் தேசமாகக் கூட்டிக்கொண்டு போவார். "புளியமரத்துக்கு இன்டிகா எண்டு பெயர். ஆனால் அது பிறந்தது ஆபிரிக்காவிலை. அரபிக்காரர் அதைத் தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சம்பழம், எண்டு கூப்பிட்டினம். லத்தீன்காரர் அதை நம்பி எழுதிப்போட்டினம். அதாலை பிள்ளையள், பெயரிலை ஊர் கிடந்தாலும் விசாரிச்சுத்தான் நம்போணும்." கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மாணவிகளின் குடுவையில் ஏதாவது பொங்கி வழியும்போதுதான் எனக்கு என் பாடம் ஞாபகம் வரும்.

கார்த்திகைப்பூ பாடத்தை மட்டும் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் நடத்துவார். அந்தப் பூவுக்கு எங்கள் ஊரில் இயக்கக் காலத்துக் கதைகளும் உண்டு, அவற்றை உரக்கச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. குளோரியோசா சுப்பர்பா. குளோரியோசா என்றால் புகழ் நிறைந்தது. சுப்பர்பா என்றால் செருக்குள்ளது. அதன் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கொல்கிசின் என்ற பெயர் வந்தது வேறொரு செடியிலிருந்து. ஐரோப்பாவில் கொல்கிக்கம் என்றொரு செடியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கொல்கிக்கம் என்றால் கொல்கிஸ் நாட்டது. கருங்கடலின் கிழக்குக் கரையில், இப்போது ஜோர்ஜியா இருக்கிற பக்கத்தில், இருந்த பழைய நாடு. அந்த நாட்டுப் பெண்களுக்கு நஞ்சு காய்ச்சத் தெரியும் என்று கிரேக்கர்கள் கதை கட்டி வைத்திருந்தார்களாம்.

"ஒரு ஊரை ஒருக்கா நஞ்செண்டு சொல்லிப்போட்டால், இரண்டாயிரம் வருசம் போனாலும் அந்தப் பெயர் போகாது, பிள்ளையள்," என்பார். வருடா வருடம் இதே வசனம். அவர் கொல்கிஸ் நாட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

சோனகதெருவில் அவர்களுடைய காணி இருபது வருடத்துக்கு மேலாகக் காடு பற்றிக் கிடந்தது. கூரை இல்லாத நாலு சுவர், ஒரு கிணறு, மிச்சமெல்லாம் பற்றை. ரீச்சர் பாடசாலைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். கணவர் புத்தளத்திலேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. காணிக்குள் அவர் ஒருநாளும் கால் வைக்கவில்லை. பாம்பு இருக்கும், வெடிக்காத குண்டு இருக்கும், "ஏன் உள்ளை போறீங்கள்" என்று யாராவது கேட்பார்கள். படலையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

தம்பி தாஹிர் நேர்மாறு. பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். நாற்பது வயது, புத்தளத்து உப்பளத்தில் வெயிலில் நின்று கறுத்த உடம்பு, எதற்கும் ஒரு சிரிப்பு. போன வருடம் தை மாதம், இரண்டு பெண்பிள்ளைகளையும் படிப்புக்காகப் புத்தளத்தில் மாமியோடு விட்டுவிட்டு, மனைவி பஸீனாவோடு வந்து காணியில் ஒரு தகரக் கொட்டில் போட்டான். வந்த மூன்றாம் நாள் பற்றை வெட்டத் தொடங்கினான். அக்காவைப் பார்க்கப் பாடசாலைக்கு வந்தபோது எனக்கும் ஒரு சலாம் போட்டான். "ஞானம் ரீச்சர், வீடு கட்டி முடிச்சு முதல் சாப்பாடு உங்களுக்குத்தான்," என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கிணற்றடியைக் கிண்டினான். ஊரைப் பற்றி அவனுக்கு மிச்சமிருந்த நினைவு ஒன்றே ஒன்றுதான். கிணற்றடியில் உம்மா இரண்டு பாத்தி வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, நட்டிருந்தார், அதைப் பிடுங்கித் தின்றுவிட்டு அடி வாங்கினான். அதே இடத்தில் மண்வெட்டியைப் போட்டால் உள்ளே கிழங்கு. மேலே கொடி இல்லை, இலை இல்லை. அது வத்தாளங்கிழங்கு இல்லை, உடுப்பிட்டியில் எங்கள் வேலியிலும் முளைக்கிற வேறொரு கொடியின் கிழங்கு. மாரியில் ஏறிப் பூத்துவிட்டு, மழை முடிந்ததும் கொடி பட்டுப்போகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். எங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கும் அதைத் தொடக்கூடாது என்று தெரியும். ஆறு வயதில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது?

அவன் கழுவினான், துண்டு துண்டாக வெட்டினான், சட்டியில் போட்டுப் படம் எடுத்தான். ஜும்ஆ தொழுகைக்குப் போவதற்கு முன் வட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினான். "ராத்தா, உம்மா நட்ட வத்தாளங்கிழங்கு! அந்த இடத்திலையே முளைச்சு முளைச்சுக் கிடந்திருக்கு. சாப்பிடலாந்தானே?"

அவன் கேட்டது தாவரவியல் படிப்பிக்கிற ஆளிடம். கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் வைத்தான். அதை மறக்கக்கூடாது.

ரீச்சர் அப்போது ஆசிரியர் அறையில் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. உம்மா புத்தளத்திலேயே அடங்கிவிட்டவர். இலை எங்கே, கொடி எங்கே என்று கேட்கவில்லை. அவருடைய எந்த மாணவியும் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. "ஓம் தம்பி. உம்மாவின்ரை கிழங்குதான். எனக்கும் ரெண்டு எடுத்து வை," என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு நண்டுக்கறியும் கிழங்கும். பஸீனா ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் துப்பியிருக்கிறாள்.

"கசக்குதே," என்றாளாம்.

"முப்பது வருசம் மண்ணுக்குள்ளை தனியக் கிடந்தது. கசக்காதோ?" என்று சிரித்துக்கொண்டு தாஹிர் மூன்று நாலு துண்டு சாப்பிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை, உயர்தரப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு. காலை எட்டு மணிக்கு ரீச்சரின் போன் அடித்தது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பஸீனா. முந்தின நாள் பின்னேரம் தொடங்கிய சத்தியும் வயிற்றோட்டமும் நிற்கவில்லை, இரவே ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று, நண்டு ஒத்துக்கொள்ளவில்லையாம், ராத்தா பயப்படுவா என்று தாஹிர்தான் சொல்லவேண்டாம் என்றானாம்.

நான் கதவைத் திறந்து பார்த்தேன். ரீச்சர் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு விரலால் எதையோ பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு எதையோ அமர்த்தினார். பிள்ளைகள் இருபது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பியை ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கினம். நான் போகோணும்," என்றார்.

தனியே விட மனம் வராமல் நானும் ஓட்டோவில் ஏறினேன். வழி முழுக்க நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். நண்டு இப்படித்தான், எனக்கும் ஒருமுறை வந்தது, சேலைன் ஏற்றினால் ஒரு நாளில் எழும்பிவிடுவான். அவர் போனைக் கைப்பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பயங்காளிதானே என்று நான் நினைத்தேன்.

நோயாளர் விடுதிக்கு வெளியே கிடந்த ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். பஸீனா வந்து அழுதாள். உள்ளே அவனைத் துடைத்துக் கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்தார். கீர்த்திகன், ரீச்சரின் தனியார் வகுப்பில் முன்பு படித்த பிள்ளை.

"ரீச்சர், உங்கடை தம்பியோ? நண்டு எண்டுதான் சொல்லுகினம். அப்பிடித்தான் பாக்கிறம். ஆனால் பிறெஷர் ஏன் இவ்வளவு இறங்குது எண்டு விளங்கேல்லை," என்றார்.

ரீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். டொக்டர் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எதிர்ச் சுவரில் மணிக்கூடு இருந்தது. நாற்பது நிமிடம். பிறகு அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ரீச்சர், கொல்கிசின் அவிச்சால் அழியுமோ?"

"அவ்வளவு லேசிலை அழியாது. ஏன்?"

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார். வெட்டின துண்டுகள் வெறும் துண்டுகள், எதுவாகவும் இருக்கலாம். ஆனால் சட்டிக்குப் பின்னால், மண் ஒட்டியபடி, வெட்டாத கிழங்கு ஒன்று கிடந்தது. நடுவில் மடங்கிய, இரண்டு கையாகப் பிரிந்த கிழங்கு. எங்கள் ஊரில் அதைக் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். படத்துக்குக் கீழே அவருடைய பதில் இருந்த இடத்தில் 'நீங்கள் இந்தச் செய்தியை அழித்துவிட்டீர்கள்' என்று இருந்தது.

"சாப்பிடலாமோ எண்டு என்னட்டைக் கேட்டவன்," என்றார். "ஓம் எண்டு எழுதினனான். காலமை விளங்கின உடனை அழிச்சுப்போட்டன். முதலிலை அதைத்தான் செய்தனான், ரீச்சர். டொக்டருக்குப் போன் எடுக்கேல்லை. தம்பிக்கு எடுக்கேல்லை. அழிச்சனான்."

இனி நான் சொன்னதையும் எழுதவேண்டும். நான் சொன்னது இது. "பேசாமல் இருங்கோ. அவங்கள் படிச்ச ஆக்கள், இரத்தத்தைப் பாத்துக் கண்டுபிடிப்பாங்கள். நீங்கள் சொன்னியள் எண்டு தெரிஞ்சால் விசாரணை வரும், பொலிஸ் வரும், வேலை போகும். தாவரவியல் ரீச்சர் தம்பிக்கு நஞ்சு குடுத்தா எண்டு ஊர் கதைக்கும்." அவர் காதுக்குள் இதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு அன்பாக இருந்தது என்று நினைக்க எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. என்ன நஞ்சென்று தெரியாமல் எந்த இரத்தத்தில் எதைத் தேடுவது? அது இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்குத் தெரியாததா? நான் பயந்தேன். பேச்சு என் மேலும் வந்துவிடும் என்று பயந்தேன்.

ரீச்சர் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாவற்றையும் அவர் எனக்கு முன்பே நினைத்துப் பார்த்திருந்தார், நாற்பது நிமிடமும் அதைத்தான் செய்திருக்கிறார். பிறகு எழும்பினார். முந்தானைத் தலைப்பைச் சரிசெய்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விடுதிக் கதவை அவர் தள்ளித் திறந்தபோது அந்தச் சத்தத்துக்கு அவரே திடுக்கிட்டதைக் கண்டேன். ஆனால் நிற்கவில்லை. நானும் பின்னால் போனேன்.

கீர்த்திகன் தாதியோடு கதைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் அவரே தொடங்கினார்.

"நல்ல வேளை வந்தீங்கள், ரீச்சர். அவர் இப்பதான் இந்த மிஸ்ஸியைக் கூப்பிட்டுச் சொன்னவராம், கிணத்தடியிலை ஒரு கிழங்கு கிண்டிச் சாப்பிட்டனான் எண்டு. ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையாம், தன்ரை எண்ணத்துக்குச் சாப்பிட்டவராம். என்ன கிழங்கு எண்டு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியேல்லை."

ரீச்சருக்கு அங்கே ஒரு வாசல் திறந்து கிடந்தது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிற்கலாம். நான் மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

"குளோரியோசா சுப்பர்பா," என்றார். வகுப்பில் சொல்கிற அதே குரல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. "கார்த்திகைக் கிழங்கு. கொல்கிசின். நேற்று மத்தியானம் ஒண்டரைக்குச் சாப்பிட்டது. மூண்டு நாலு துண்டு." போனை நீட்டினார். "அவன் என்னட்டைக் கேட்டவன், டொக்டர். படத்தைப் பாத்துச் சாப்பிடலாம் எண்டு சொன்னது நான்தான். பிறகு அழிச்சுப்போட்டன். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

டொக்டரின் முகம் மாறியது அவர் சொன்ன பிழைக்காக இல்லை, பெயருக்காக. "கொல்கிசின்," என்றார் தனக்குள். அந்தப் பெயரோடு அவர் எந்த வகுப்பறையில் எந்த வாங்கில் இருந்தார் என்பது கண்ணில் தெரிந்தது. பிறகு எல்லாரும் ஓடினார்கள். கரித்தூளைக் கரைத்துக் கொண்டுவந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது கீர்த்திகன் எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். "இதுக்கு மாற்று மருந்து இல்லை, ரீச்சர். இனி ஒவ்வொரு நாளாத்தான் பாக்கோணும். மூண்டாம் நாளிலையிருந்துதான் கஷ்டம்."

அந்த நாட்களைப் பற்றி நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை. கொல்கிசின் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உடம்பில் எங்கெல்லாம் கலங்கள் புதிதாகப் பிரிகின்றனவோ அங்கெல்லாம் போய் நிறுத்தும். குடலில், எலும்பு மச்சையில், மயிர்க்கால்களில். படித்த படிப்பு அந்த வாரம் எனக்கு உதவியது பயப்படுவதற்கு மட்டுந்தான். மூன்றாம் நாள் வெள்ளை அணுக்கள் விழுந்தன. நாலாம் நாள் சிறுநீர் குறைந்தது. அன்று பின்னேரம், புத்தளத்திலிருந்து பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பஸீனா கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ரீச்சர் அந்த வாங்கிலேயே கிடந்தார். பஸீனாவிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அவருடைய கையை விட்டுவிட்டு மற்ற வாங்கில் போய் இருந்தாள். அதன் பிறகு அங்கேயே இருந்தாள். ரீச்சர் அதிபருக்கு எழுத்தில் அறிவித்தார், பொலிஸ்காரர் வந்து கேட்டபோது அவர்களுக்கும் சொன்னார். அவர் ஆயுள் முழுக்கப் பயந்த அத்தனை ஆட்களும் அந்த நாலு நாளில் முறை வைத்து அவருக்கு முன்னால் வந்துபோனார்கள். அவர் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அணுக்கள் அதற்குக் கீழே போகவில்லை. ஆறாம் நாள் அணுக்கள் கொஞ்சம் ஏறின. ஏழாம் நாள் கஞ்சி குடித்தான். கீர்த்திகன் வந்து, "தப்பியிட்டார் எண்டு இப்ப சொல்லலாம்," என்றபோது பஸீனா எழும்பி வந்து ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்தாள். கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் எங்களைச் சாதாரண விடுதிக்குள் விட்டார்கள். தாஹிர் தலையணையில் சாய்ந்து இருந்தான். அவன் தலையைத் திருப்பியபோது தலைமயிர் கொத்தாகத் தலையணையிலேயே தங்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான். ரீச்சர் கட்டில் ஓரத்தில் நின்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த திடம் போய்விட்டது, உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, உன்னட்டை ஒண்டு சொல்லோணும்."

"தெரியும், ராத்தா," என்றான். குரல் கீச்சிட்டது. "அண்டைக்குக் காலமை போனை எடுத்துப் பாத்தனான். நீங்க எழுதினதைக் காணேல்லை. அழிச்சிருந்தது. நண்டு நண்டு எண்டு எல்லாரும் சொல்லிக்கொண்டு நிக்கினம், நானும் நண்டெண்டுதான் நினைச்சுக்கொண்டு கிடந்தன். ராத்தா இதை அழிக்கிறாவெண்டால் அப்ப கிழங்குதான் எண்டு விளங்கியிட்டுது. அதுக்குப் பிறகுதான் மிஸ்ஸியைக் கூப்பிட்டனான்."

ரீச்சர் கட்டிலுக்குக் கிட்டக் குனிந்தார்.

"அப்ப ஏன் என்னட்டைக் கேட்டதெண்டு சொல்லேல்லை?"

"சொன்னால் உங்கடை வேலை போயிடுமெண்டு பயந்தன்," என்றான் தாஹிர். "என்ரை உயிர் போயிடுமோ எண்டும் பயந்தன். ரெண்டையும் யோசிச்சன். நீங்க கொட்டிலிலை மண்ணெண்ணெய் விளக்கிலை படிச்சு எடுத்த வேலை, ராத்தா."

பஸீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் யன்னலைப் பார்த்தேன். ரீச்சர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். நின்ற நிலையிலேயே, ஒவ்வொரு எழுத்தாக, நீண்ட நேரம் எழுதினார். கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியின் மேல் கிடந்த தாஹிரின் போன் சத்தம் போட்டது. அவன் கைநீட்டி எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"இது கார்த்திகைக் கிழங்கு. குளோரியோசா சுப்பர்பா. நஞ்சு. சாப்பிடாதே. நான் முதல் சொன்னது பிழை. ராத்தா."

வாசித்துவிட்டு அக்காவைப் பார்த்தான். மயிர் உதிர்ந்த தலையோடு, வெடித்த உதட்டோடு, சிரிக்கப் பார்த்தான்.

"எட்டு நாள் பிந்திப்போச்சு, ராத்தா."

"ஓம்," என்றார் நஜ்முன்னிஸா ரீச்சர். "இதை அழிக்க மாட்டன்."

அதன் பிறகுதான் அவர் அழத் தொடங்கினார். விடுதி முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, யார் கேட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி, வாய்விட்டு அழுதார்.